உறுமல், சூடு, சுருக்கென்ற ஷாக்: ஆடியோ சிஸ்டத்தின் பவர் கார்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"பவர் கார்டை மாற்றினால் இந்த உறுமல் போய்விடுமா?" இந்தக் கேள்வியோடுதான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நண்பர்கள், உறவினர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டார் என்று பலருடைய ஆம்பிளிஃபையருக்குப் பின்னால் டார்ச்சோடு குனிந்து கிடந்திருக்கிறேன். பல இடங்களில் கார்டின் மேல், அதாவது சுவரிலிருந்து கருவிக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரின் மேல், குற்றமே இருக்காது. கார்டுதான் காரணம் என்று தெரிந்த இடங்களிலும், ஒழுங்காகச் செய்யப்பட்ட சாதாரணக் கார்டு ஒன்றே அதைச் சரிசெய்துவிட்டது. விலை உயர்ந்த கார்டு தேவைப்பட்ட வீடு என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால் கார்டு வாங்கக் கிளம்பும் முன், உங்கள் சிஸ்டம் என்ன அறிகுறி காட்டுகிறது என்று பாருங்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும்.

கையில் மூன்று பொருள்கள் வேண்டும். நன்றாக வேலை செய்யும் உபரிக் கார்டு ஒன்று. கம்ப்யூட்டர் மானிட்டரோடு வந்த மூன்று பின் கார்டே போதும். கன்டினியுட்டி சோதனையில் (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது) பீப் சத்தம் கொடுக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. ஒரு டார்ச்.

ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது. கேபிளைக் கழற்றுவதானாலும் மாட்டுவதானாலும், முதலில் ஆம்பிளிஃபையரை ஆஃப் செய்யுங்கள், பிறகு ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். ப்ளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். வால்வ் ஆம்பிளிஃபையரில் அது நூற்றுக்கணக்கான வோல்ட்.

## அறிகுறி 1: ஆன் ஆகவே இல்லை, அல்லது விட்டு விட்டு ஆஃப் ஆகிறது

முதலில் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் கதை சுவரில் இருக்கிறது, கார்டில் இல்லை. விளக்கு எரிந்தால், ஆம்பிளிஃபையரின் பின்பக்கம் தனியாக ஒரு மெயின் ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். அலமாரியைத் துடைக்கும்போது கை பட்டு அது ஆஃப் ஆகியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கார்டின் மறுமுனையை ஆம்பிளிஃபையருக்குள் நன்றாக அழுத்துங்கள். கடைசிச் சில மில்லிமீட்டர் இறுக்கமாக இருக்கும். அங்கேயே பலர் நிறுத்திவிடுவார்கள். அழுத்திய பிறகும் அது தானாக இறங்கி வருகிறது என்றால் கார்டின் கனத்தைப் பாருங்கள். பாம்பு போலத் தடித்த, வளையாத கார்டுகள் தம் எடையாலேயே சாக்கெட்டைக் கீழே இழுக்கும். ஒருமுறை வந்த "அடிக்கடி ஆஃப் ஆகிறது" என்ற புகாருக்கு மருந்து, அந்தத் தடித்த கார்டைக் கழற்றிவிட்டு, பெட்டியோடு வந்த மெலிந்த கார்டைத் திரும்ப மாட்டியதுதான்.

உபரிக் கார்டை மாட்டினால் வேலை செய்கிறதா? அப்படியானால் பழைய கார்டின் உள்ளே வயர் அறுந்திருக்கிறது. உறுதிப்படுத்த, கார்டை இரு முனையிலும் கழற்றி மேசை மேல் வையுங்கள். மீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்து, ப்ளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் மறுமுனையின் அதற்குரிய ஓட்டைக்கும் இடையே பாருங்கள். பீப் வரும்போதே கார்டை ப்ளக் அருகிலும் மறுமுனை அருகிலும் மெல்ல வளையுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் அந்த இடத்தில்தான் அறுந்திருக்கிறது. ப்ளக்கோடு சேர்த்து வார்த்த கார்டை வெட்டி ஒட்டிப் பிழைக்க வைக்க வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள்.

உபரிக் கார்டிலும் வேலை செய்யவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். சில பெட்டிகளில் கார்டு செருகும் இடத்துக்கு மேலேயோ கீழேயோ சின்ன இழுப்பறை இருக்கும், அதற்குள் ஃபியூஸ் இருக்கும். உபரியாக ஒன்று சேர்த்து வைத்திருப்பதும் உண்டு. ப்ளக்குக்குள்ளேயே ஃபியூஸ் வைக்கும் நாடுகளில் அதையும் சோதியுங்கள். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் அதே ஆம்பியர், அதே வகை. முன்னால் 'டி' (T) எழுத்து இருந்தால் அது தாமதமாக எரியும் வகை. அதற்குப் பதில் வேகமாக எரியும் வகையைப் போட்டால் ஆன் செய்த உடனேயே போய்விடும். புது ஃபியூஸும் எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மூன்றாவதைப் போடாதீர்கள். அது ஆடியோ மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

இன்னொன்று. சத்தம் கூட்டும்போது மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் பெரும்பாலும் கார்டு காரணமில்லை. ஸ்பீக்கர் வயரின் மெல்லிய இழை ஒன்று பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 2: ஸ்பீக்கரில் ஓயாத உறுமல்

கார்டு வியாபாரம் அதிகம் நடப்பது இந்த அறிகுறியை நம்பித்தான். கார்டு குற்றவாளியாக இருப்பது மிக அரிதாக இருப்பதும் இதில்தான். பொறுமையாக ஒவ்வொரு படியாகப் போங்கள். இரண்டு படிகளை ஒரே நேரத்தில் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

### வால்யூமைக் குறைத்தால் உறுமல் மாறுகிறதா?

மாறவில்லை என்றால், உறுமல் வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிறகு உண்டாகிறது. எல்லா இன்புட் கேபிள்களையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி உறுமினால், ஆம்பிளிஃபையரின் பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் வயதாகி ஓய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உலகத்தின் எந்தக் கார்டும் இதைச் சரிசெய்யாது. மெக்கானிக்கிடம் கொடுங்கள். கார்டுக்கு ஒதுக்கிய காசு அதற்கு ஆகட்டும்.

வால்யூமோடு கூடிக் குறைகிறது என்றால், உறுமல் ஏதோ ஒரு இன்புட் வழியாக உள்ளே வருகிறது. கீழே படியுங்கள்.

### எல்லா இன்புட்டையும் கழற்றினால் நிற்கிறதா?

நின்றால் நல்ல செய்தி. ஒவ்வொரு கருவியாகத் திரும்ப மாட்டி, எதில் உறுமல் திரும்புகிறது என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் அந்தக் கருவியை மட்டும் கவனித்தால் போதும்.

- சிக்னல் கேபிளின் முனையைப் பாருங்கள். ஆர்சிஏ ப்ளக்கின் (நடுவே ஒரு பின், சுற்றி ஒரு வளையம் உள்ள ஆடியோ ப்ளக்) வெளி வளையம் தளர்ந்திருந்தால் உறுமல் பெரிதாகக் கேட்கும். கழற்றி, அந்த வளையத்தை விரலால் லேசாக நெருக்கி மாட்டுங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.
- டர்ன்டேபிள் என்றால், அதிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர் ஆம்பிளிஃபையரின் பின்னால் உள்ள திருகில் இறுக்கமாக இருக்கிறதா?
- லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமலோ கீச்சென்ற இரைச்சலோ உடனே நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது என்று அர்த்தம்.
- டிவி அல்லது செட்டாப் பாக்ஸ் என்றால், வெளியிலிருந்து வரும் ஆன்டெனா அல்லது கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையை நான் ஒருமுறை தவறவிட்டு ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். நான்கு கார்டுகள், மூன்று சிக்னல் கேபிள்கள் மாற்றிப் பார்த்தாயிற்று. உறுமல் அசையவில்லை. கிளம்பும்போது அந்த வீட்டுப் பையன் விளையாடப் போன அவசரத்தில் டிவி வயரைத் தட்டிவிட்டுப் போனான், வீடே அமைதியானது. வெளியிலிருந்து வரும் அந்த வயர் தனக்கென்று வேறொரு எர்த்தைச் சுமந்து வருகிறது. வீட்டின் எர்த்தும் அதுவும் சந்திக்கும்போது ஒரு சுற்று உண்டாகி, மின்சாரம் அதில் சுற்றத் தொடங்குகிறது. அன்று முதல் டிவி வயர் என் பட்டியலில் மேலே ஏறிவிட்டது.

### எந்தக் கருவி என்று தெரிந்துவிட்டது, இனி?

செலவில்லாத மருந்து: ஆம்பிளிஃபையர், பிளேயர், டிவி, சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து, எர்த் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றின் வழியாக ஓட்டுங்கள். வீட்டு ஆடியோ கருவிகள் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் ஒரு போர்டு தாங்கும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அறையின் இரு மூலைகளில் வெவ்வேறு சாக்கெட்டில் இருக்கும் ஆம்பிளிஃபையரும் சப்வூஃபரும் சேர்ந்து உறுமும் வீடுகளில் இதுவே போதுமானதாக இருக்கும்.

அப்புறம் கேபிள்களின் படுக்கை. பவர் கார்டும் சிக்னல் கேபிளும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தால் பிரியுங்கள். ஒரு சாண் இடைவெளி கொடுங்கள். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி போலச் செங்குத்தாகக் கடக்கட்டும். இரைச்சலைத் தடுக்க உலோக உறையிடப்பட்ட விலை உயர்ந்த பவர் கார்டு செய்வதாகச் சொல்லும் வேலையை இந்த ஒரு சாண் இடைவெளி இலவசமாகச் செய்யும்.

சிறு செலவு: டிவியையும் ஆம்பிளிஃபையரையும் ஆப்டிகல் கேபிளில் இணைக்க முடிந்தால் இணையுங்கள். அதில் ஒளிதான் போகிறது, செம்பு இல்லை, அதனால் எர்த் சுற்று அறுந்துவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில் ஆடியோ லைனுக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, நேரடி வயர் இணைப்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது. டிவி ஆன்டெனா வயருக்கும் தனி ஐசொலேட்டர் கிடைக்கும்.

கார்டு உண்மையிலேயே காரணமாக இருக்கும் ஒரு நிலை உண்டு. மூன்று பின் கார்டில் எர்த் வயர் மட்டும் உள்ளே அறுந்திருந்தால் கருவி வழக்கம்போல ஓடும், ஆனால் உறுமும். எர்த் பின்னுக்கும் மறுமுனையின் எர்த் ஓட்டைக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும்.

### எர்த் பின்னைத் துண்டித்தால் உறுமல் போய்விடுமே?

போகும். செய்யாதீர்கள். டேப் ஒட்டி மறைக்காதீர்கள், மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரும் போடாதீர்கள். ஆம்பிளிஃபையருக்குள் ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்தைக் கொண்டுபோய் ஃபியூஸை எரியவைக்க இருக்கும் ஒரே வழி அந்தப் பின்தான். அதை எடுத்துவிட்டால் பெட்டி முழுக்க மெயின்ஸ் வோல்டேஜ் நிற்கும். ஆர்சிஏ கேபிளின் வெளி வளையம் வழியாக அது மற்ற எல்லாக் கருவிகளின் உலோகத்துக்கும் போகும். எர்த் பின்னில் டேப் சுற்றிய ஒரு கார்டை நான் ஒரு வீட்டில் கண்டுபிடித்தபோது, அந்த வீட்டுக் குழந்தை பிளேயரின் முன்பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தது. இன்றும் அது மனதிலிருந்து போகவில்லை.

### உறுமல் இல்லை, கரகரவென்ற இரைச்சல்

வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர்களை அணைத்துப் பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகளையும் செல்போன் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக உருவுங்கள். குற்றவாளி கிடைத்துவிட்டால் அதை வேறு சாக்கெட்டுக்கு மாற்றினாலே பெரும்பாலும் அடங்கும்.

## அறிகுறி 3: உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, பெட்டியே உறுமுகிறது

ஆம்பிளிஃபையரின் மூடி மேல் காதை வைத்தால் கேட்கும் உறுமல் டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. லேசாகக் கேட்பது இயல்புதான். சில நேரம் மட்டும் பலமாகக் கேட்டால், அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் வைத்தால் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர்கள் உறும ஆரம்பிப்பது தெரிந்த விஷயம். அந்தப் பாதி வேகத்தைப் பல டிரையர்கள் ஒரு டயோடை வைத்துச் செய்கின்றன. அதனால் மெயின்ஸில் கொஞ்சம் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கலந்துவிடுகிறது.

பெட்டிக்கு அடியில் ரப்பர் கால் வையுங்கள், அதிரும் அலமாரிப் பலகையை மாற்றுங்கள். எந்நேரமும் பலமாக உறுமினால் டிசி பிளாக்கர் என்ற சிறு கருவி உதவக்கூடும். அதை ஆடியோ மெக்கானிக்கின் யோசனையோடு போடுங்கள். கார்டு மாற்றுவதால் இதில் ஒன்றும் நடக்காது.

## அறிகுறி 4: உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது

முதலில் அந்தக் கருவியின் கார்டைப் பாருங்கள். இரண்டு பின்னா, மூன்று பின்னா?

இரண்டு பின்: கருவியின் பின்னால் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருக்கும். இரட்டைக் காப்பு உள்ள கருவி என்று அர்த்தம், எர்த் தேவையில்லை. இந்த வகையில் விரல் நுனியில் லேசாக நெளிவது போன்ற உணர்வு வரலாம். பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. ப்ளக்கைத் திருப்பிச் செருக முடிகிற சாக்கெட்டாக இருந்தால் திருப்பிச் செருகிப் பாருங்கள். பல நேரம் குறையும், கூடவே மெல்லிய உறுமல் இருந்தால் அதுவும் குறையும். 'நெளிகிறது' என்பதைத் தாண்டி 'அடிக்கிறது' என்று சொல்லும்படி இருந்தால் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

மூன்று பின்: இதில் துளியும் சுருக்கென்று இருக்கக் கூடாது. இருந்தால் எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது. உடனே ப்ளக்கை உருவுங்கள். கார்டின் எர்த்தை முன் சொன்னபடி மீட்டரில் சோதியுங்கள். அது சரியாக இருந்தால், கார்டை ஆம்பிளிஃபையரில் மட்டும் மாட்டி, சுவரில் செருகாமல், எர்த் பின்னுக்கும் பெட்டியின் பெயின்ட் இல்லாத ஒரு திருகுக்கும் இடையே பாருங்கள். அங்கும் பீப் வந்தால் மிச்சம் இருப்பது எக்ஸ்டென்ஷன் போர்டும் சுவரும். போர்டையும் அதே முறையில் வீட்டிலேயே சோதிக்கலாம். சுவர் சாக்கெட்டின் எர்த்தை எலக்ட்ரீஷியன் சோதிக்கட்டும். பெட்டி வரை எர்த் வந்து சேராத கருவியை ஆடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள். இந்த ஒரு அறிகுறியில் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று ஓட்டை உள்ள வார்ப்பு, மூன்று பின் உள்ள ப்ளக், ஆனால் உள்ளே இரண்டே வயர் என்று சில மலிவுக் கார்டுகள் வருகின்றன. வெளியே பார்த்தால் தெரியாது. புதுக் கார்டு எதுவானாலும் வாங்கியதும் எர்த்தை மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டுங்கள். பத்து விநாடி வேலை.

## அறிகுறி 5: கார்டு அல்லது ப்ளக் சூடாகிறது

ஒரு மணி நேரம் பாட்டு ஓடிய பிறகு தொட்டுப் பாருங்கள். வீட்டு ஆடியோவில் கார்டு அறையின் வெப்பத்தைவிட அதிகமாகத் தெரியவே கூடாது. எங்கே சூடு என்பதுதான் கேள்வி.

சுவர்ப் ப்ளக் மட்டும் சூடு. சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை தளர்ந்துவிட்டது. ப்ளக்கைச் செருகும்போது பிடிப்பே இல்லாமல் வழுக்கிப் போனால் உறுதி. பழுப்பு நிறக் கறையோ கருகிய வாசனையோ இருந்தால் சாக்கெட்டை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள், கார்டையும் கூடவே மாற்றுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காசை மிச்சப்படுத்துகிறோம் என்று ஒன்றை மட்டும் மாற்றுபவர்கள்தான் அதிகம். கருகிய பின் புது சாக்கெட்டையும் கெடுக்கும், கருகிய சாக்கெட் புதுப் பின்னையும் கெடுக்கும்.

ஆம்பிளிஃபையர் பக்கத்து முனை சூடு. கார்டின் ஓட்டைகள் விரிந்திருக்கின்றன. உபரிக் கார்டில் சூடு இல்லை என்றால் பழையதைத் தூக்கிப் போடுங்கள். அதிலும் சூடானால் ஆம்பிளிஃபையரின் பின் பக்கச் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கார்டு முழுவதும் சூடு. நீளமான கார்டைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறீர்களா? பிரித்து விடுங்கள். சுருளுக்குள் சிக்கிய வெப்பம் வெளியேற வழியில்லை. சுருட்டாத கார்டும் சூடானால் உள்ளே வயர் மெலிந்தது, அல்லது செம்பே இல்லை. செம்பு முலாம் பூசிய அலுமினியம் பல மலிவுக் கார்டுகளில் இருக்கிறது. தூக்கிப் போடப் போகும் கார்டை வெட்டி, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அலுமினியம். மேலே வெள்ளையும் உள்ளே செம்பும் தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, பயப்பட வேண்டாம். இழை காந்தத்தில் ஒட்டினால் இரும்பு கலந்திருக்கிறது. அதே வகையில் வீட்டில் இருக்கும் மற்றக் கார்டுகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

## அறிகுறி 6: ஆன் செய்ததும் எம்சிபி விழுகிறது

ஆம்பிளிஃபையரில் மாட்டாமல் கார்டை மட்டும் சுவரில் செருகி ஸ்விட்சைப் போடுங்கள். மறுமுனையைத் தொடாதீர்கள். எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் லைனைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் கார்டுக்குள் ஷார்ட், அதைக் குப்பையில் போடுங்கள். விழவில்லை என்றால் ஆம்பிளிஃபையரை மாட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் விழுகிறது: கோளாறு ஆம்பிளிஃபையருக்குள். மெக்கானிக்.

எப்போதாவது, ஆன் செய்யும் நொடியில் மட்டும் விழுகிறது: பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பிளிஃபையர்கள் முதல் நொடியில் ஒரு பெரிய மடக்கு மின்சாரத்தைக் குடிக்கும். அது கோளாறு இல்லை. அதே லைனில் மற்றவை ஓடாதபோது ஆன் செய்து பாருங்கள். தொந்தரவு தொடர்ந்தால், 'பி' (B) வகை எம்சிபி இருக்கும் இடத்தில் 'சி' (C) வகை போடலாமா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். பி வகை தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். வயரிங் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நீங்களே அதிக ஆம்பியர் உள்ளதைப் போட்டுவிடாதீர்கள்.

விழுவது எம்சிபி இல்லை, ஆர்சிசிபி (மின் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஸ்விட்ச்): எங்கோ எர்த்துக்கு மின்சாரம் கசிகிறது. கருவிகளை ஒவ்வொன்றாக உருவித் தேடுங்கள். வடிகட்டி உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டுகள் பல சேர்ந்தாலும் ஒவ்வொன்றின் சிறு கசிவும் கூடி இப்படி ஆகலாம். ஆளைக் காப்பாற்ற வைத்திருக்கும் கருவி அது. அதைத் தவிர்த்து வயர் இழுக்கச் சொல்லாதீர்கள்.

## அறிகுறி 7: சத்தம் கூட்டினால் பேஸ் தொய்கிறது, அல்லது "சவுண்டில் உயிர் இல்லை"

தடித்த கார்டு மின்சாரத்தைத் தாராளமாகக் கொடுக்கும், பேஸ் திரண்டு வரும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.75 சதுர மி.மீ. (ஒவ்வொரு வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு) செம்புக் கார்டு, நீளம் ஒன்றரை மீட்டர். போக வர மூன்று மீட்டர் வயர். மின்தடை சுமார் 0.08 ஓம். 230 வோல்ட்டில் ஆம்பிளிஃபையர் 2 ஆம்பியர் இழுத்தால், அதாவது வீட்டில் யாரும் உட்கார முடியாத சத்தத்தில், கார்டில் தொலைவது 0.16 வோல்ட். உச்ச நொடிகளில் அதைப் போல ஐந்து மடங்கு இழுத்தாலும் 0.8 வோல்ட். சுவரில் வரும் வோல்டேஜ் ஒரே நாளில் பல வோல்ட் ஏறி இறங்கும். 120 வோல்ட் உள்ள நாடுகளில் இழுக்கும் ஆம்பியர் இரண்டு மடங்காகும், அப்போதும் 0.3 வோல்ட்டைச் சுற்றித்தான் நிற்கும். 1.5 சதுர மி.மீ. கார்டுக்கு மாறினால் இதில் பாதி மிச்சம். இந்தப் பாதியைக் காது கேட்பதாக என்னால் சொல்ல முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஸ்பீக்கர் வயர் இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா? ஒரு ஸ்பீக்கரில் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். நான் பார்த்த "உயிர் இல்லை" புகார்களில் அதிகம் இதுதான். அடுத்து, ஸ்பீக்கரைச் சுவரை நோக்கி ஒரு அடி தள்ளியும் விலக்கியும் கேளுங்கள். எந்தக் கார்டும் தராத மாற்றம் கேட்கும்.

மெலிந்த, நீளமான எக்ஸ்டென்ஷன் போர்டு வேறு விஷயம். பத்து மீட்டர் 0.75 கார்டில் போக வர அரை ஓம் தடை இருக்கிறது. நீளத்தைக் குறையுங்கள், முடியாவிட்டால் 1.5 சதுர மி.மீ. உள்ளதை வாங்குங்கள்.

பேஸ் அடிக்கும்போது அறை விளக்கு மங்குகிறதா? வீட்டு வயரிங்கில் எங்கோ லூஸ். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு அறையில் விளக்கு மங்கும்போது இன்னொரு அறையில் பிரகாசமானால் அது நியூட்ரல் கழன்றதற்கான அறிகுறி. மெயினை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: வாங்கிய கார்டு பொருந்தவில்லை

பெரும்பாலான ஆம்பிளிஃபையர்களில் இருப்பது சி14 சாக்கெட், அதற்கு சி13 முனை உள்ள கார்டு வேண்டும். கம்ப்யூட்டர் கார்டும் அதுவே. முனையின் நடுவே ஒரு சிறு பள்ளம் இருந்தால் அது சூட்டைத் தாங்கும் சி15. அது ஆம்பிளிஃபையரில் நுழையும், அதனால் பயன்படுத்தலாம். எட்டு என்ற எண் வடிவில் இருப்பது சி7, இரண்டே வயர், 2.5 ஆம்பியர். மூன்று இலை வடிவில் இருப்பது சி5, அதுவும் 2.5 ஆம்பியர்தான், ஆனால் எர்த் உண்டு. மிகப் பெரிய பவர் ஆம்பிளிஃபையர்களில் பட்டையான பின்கள் உள்ள சி20 இருக்கும். அதற்கு 16 ஆம்பியர் சி19 கார்டு. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் அடாப்டர் வேண்டாம், சரியான கார்டையே வாங்குங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, கார்டு வாங்கத்தான் வேண்டும்

கார்டின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். '3ஜி1.0' (3G1.0) என்று இருந்தால் மூன்று வயர், அதில் ஒன்று எர்த், ஒவ்வொன்றும் 1 சதுர மி.மீ. 'ஜி' இருக்கும் இடத்தில் 'எக்ஸ்' (X) இருந்தால் எர்த் வயர் இல்லை. அமெரிக்க முறையில் கேஜ் எண் இருக்கும். எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 18 கேஜ் என்பது சுமார் 0.82 சதுர மி.மீ., 16 கேஜ் சுமார் 1.3. பிளேயருக்கும் டேக்குக்கும் (DAC, டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) 0.75 தாராளம். ஆம்பிளிஃபையருக்கு 1.0 போதும். பெரிய பவர் ஆம்பிளிஃபையருக்கு 1.5. அதற்கு மேல் தடித்தால் வளையாது, முதல் அறிகுறியில் சொன்னபடி சாக்கெட்டை இழுக்கும்.

மேலுறையில் எதுவுமே அச்சிடாத கார்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உங்கள் நாட்டின் பாதுகாப்பு முத்திரை ப்ளக்கிலும் வயரிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். நீளம், தேவைக்கு மேல் ஒரு கை அகலம் போதும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இடம் குறைவென்றால் பக்கவாட்டில் திரும்பும் முனை உள்ளதை எடுங்கள். நேரான முனை சுவரில் முட்டி மடங்கி, ஓரிரு வருடத்தில் அதே இடத்தில் அறுந்துபோகும்.

கையில் இருக்கும் காசு குறைவென்றால் இந்த வரிசையில் செலவழிப்பேன்: தளர்ந்த சுவர் சாக்கெட், பிறகு எர்த் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு, பிறகு உறுமும் கருவிக்கு ஐசொலேட்டர், கடைசியாகக் கார்டு.

கழித்துக் கட்டிய கார்டை அப்படியே குப்பையில் போடாதீர்கள். ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகு, வெட்டுக்கத்திரியால் இரண்டு முனையையும் துண்டித்துவிட்டுப் போடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்துப் போய் தங்கள் வீட்டில் மாட்டுவார்கள்.